2024–25 ஆண்டறிக்கை: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை

தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், அங்கன்வாடி டீச்சர்களுக்கும், கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்டில் தாய்ப்பால் வாரம், செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் இரண்டுக்கும் நம் ஆட்கள் போனார்கள். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாட்களில் பிள்ளைகளை அழைத்து வந்தோம். விவரங்கள் பதிவேட்டில் உள்ளன.

மற்றபடி இந்த ஆண்டு ஒரே வேலைக்குத்தான் நேரம் கொடுத்தோம். சென்ற பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இருக்கிறது, 1982 முதல் சத்துணவு இருக்கிறது, இப்போது பள்ளியில் காலை உணவும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் நம் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் மலையோர ஊர்களில் பிள்ளைகள் ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறார்கள் என்று கேட்டார்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. அங்கன்வாடியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சத்துமாவு பாக்கெட்டாக வீட்டுக்குப் போகிறது. அதைக் கிண்டி, ஆற்றி, மடியில் வைத்து ஊட்ட ஒரு ஆள் வேண்டும். புளி சீசனில் அந்த ஆள் வீட்டில் இல்லை. அம்மா விடிந்ததும் புளி தட்டப் போய்விடுகிறாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்.

ஒரு வீட்டில் ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தை. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. காலையில் டீயில் நனைத்த பன், மதியம் ரேஷன் அரிசிச் சோற்றில் ரசம், அழுதால் ஐந்து ரூபாய் பாக்கெட் தின்பண்டம். சத்துமாவு பாக்கெட் பரணில் பிரிக்காமல் இருந்தது. "சவலை பாஞ்ச புள்ள, தானா தேறிடும்" என்றார் பாட்டி. மேற்கையின் சுற்றளவை அளக்கும் நாடாவைச் சுற்றினோம். அதில் பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் மெலிவு, சிவப்பு என்றால் ஆபத்து. சிவப்பில் நின்றது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எந்தப் பிள்ளைக்கும் மேற்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான மெலிவு. காத்திருக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியர் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். இப்போது அந்தக் குழந்தை மஞ்சளுக்கு வந்திருக்கிறது. பச்சைக்கு வரும்வரை நாங்கள் விடப்போவதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இந்திய அளவில் அது 35.5 விழுக்காடு. அதே ஆய்வில் என் மனதை உறுத்திய எண் வேறு: ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர்தான். ஏழை நாடுகள் பலவற்றிலும் பிள்ளை சறுக்குவது இந்த வயதில்தான். ஐந்து வயதுக்குள் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்குச் சத்துக்குறைவு காரணமாகச் சேர்ந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் புளி சீசனில் ஒரு உறுப்பினர் தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தார். ஊட்டத் தெரிந்த இரண்டு அம்மாக்களுக்குச் சங்கம் கூலி கொடுத்தது. வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளையை அங்கே விட்டுப் போனார்கள். மதிய இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

சாப்பாடு நம் கேழ்வரகுதான். ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்போம். முளைகட்டிய மாவில் கூழ் சீக்கிரம் இறுகாது. அதனால் அதே சின்னக் கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்க முடிகிறது. பிள்ளையும் சிரமமில்லாமல் விழுங்குகிறது. அதில் வறுத்த நிலக்கடலைப் பொடி, ஒரு ஸ்பூன் எண்ணெய். மதியம் பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் குழைத்த சோறு. குழந்தையின் வயிறு சிறியது, மூன்று வேளை பெரியவர்களோடு சாப்பிட்டால் போதாது. இடையில் இரண்டு முறையாவது கொடுக்க வேண்டும். 2023-இல் நம் மாவட்டத்து ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது பெரிய உதவி. அதை விற்றுவிட வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்கிறோம்.

டப்பா சத்துப் பானம் வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. செயற்குழு ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ கடலை வரும் என்று பாருங்கள். பிஸ்கட் கொடுக்க வந்த நல்ல உள்ளங்களிடமும் முட்டையாகவோ கடலையாகவோ தரும்படி கேட்டோம், மறுக்காமல் தந்தார்கள்.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. பேதி ஆனால் பட்டினி போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பாலையும் உணவையும் நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரையை 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் மறுபடி படுத்துவிடுகிறது பிள்ளை.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்கள் உங்கள் முன் வைக்கிறோம். திண்ணைக் காப்பகத்தைச் சீசனுக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் நடத்துவது. வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்கள் தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுபோகச் சொல்வது. போன இடத்து அங்கன்வாடியில் எடை பார்க்க அது உதவும். மூன்றாவது, பதினெட்டு வயதுக்கு முன் நடக்கும் கல்யாணங்களைத் தடுப்பதில் சங்கம் வெளிப்படையாக நிற்பது. பதினாறு வயதுத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை இரண்டரைக் கிலோ எட்டாமல் பிறக்கும் அபாயம் அதிகம். இதில் சொந்தக்காரர் மனம் புண்படுமே என்று உறுப்பினர்கள் யாரும் தயங்க வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாவு அரைக்கும் மெஷின் வாங்குவது பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

செயலாளர்