உறையைப் பிரிக்க வேண்டியதே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச இரகசியத்தை வெளியிடுபவர் எவராயினும் துரோகிதான் என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அமெரிக்க உளவு அமைப்பின் இரகசிய ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். அவசரத் தீர்ப்பு.

தங்கள் வெளிநாட்டுத் தொடர்புகளை அரசு ஒட்டுக்கேட்கக்கூடும் என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனலும் சட்டத்தரணிகளும் ஊடகவியலாளர்களும் தொடுத்த வழக்கை, 2013 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. ஒட்டுக்கேட்கப்படுவதற்கு அத்தாட்சி இல்லையாம்! அத்தாட்சி அரசின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்போது வழக்காளி எங்கே போவார்? அதே ஆண்டு ஜூனில் ஸ்னோடன் மூலம் வேறொரு திட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விபரங்களை நாள்தோறும் அரசிடம் கையளிக்க வேண்டும் என்று, உளவுக் கண்காணிப்புக்கு அனுமதி தரும் இரகசிய நீதிமன்றம் இட்ட உத்தரவு பத்திரிகையில் வந்துவிட்டது. வெரைசனின் வாடிக்கையாளர் என்ற காரணத்தால் அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம் வழக்குப் போட்டது. இம்முறை அத்தாட்சி எங்கே என்று கேட்க வழியில்லை. சட்டம் இதற்கு அதிகாரம் தரவில்லை என்று 2015 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பேச்சை நாங்கள் கேட்கவில்லை, யார் யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினார் என்பதை மட்டுமே திரட்டினோம் என்பது அரசின் வாதம். தபாற்கந்தோரில் காலம் கழித்தவனிடம் இது எடுபடாது. தரம்பிரிக்கும் மேசையில் உறையின் மேற்புறத்தைத் தவிர நாங்கள் எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் எந்த வீட்டுப் பிள்ளை ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், எந்த வீட்டுக்கு மாதாமாதம் வந்த வான்கடிதம் நின்றுபோனது, யாருக்கு வங்கியிலிருந்து பதிவுத் தபால் வருகிறது, எந்தப் பெண்ணுக்கு யாருடைய கையெழுத்தில் கடிதம் வருகிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வாய் திறக்கமாட்டோம், அது தொழில் தர்மம். ஓர் அரசாங்கம் முழு நாட்டின் உறைகளையும் அடுக்கி வைத்துக்கொண்டால் அது என்ன தர்மத்துக்குக் கட்டுப்படும்?

ஸ்னோடன் மீது 1917 ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பொதுநலனுக்காகச் செய்தேன் என்று சொல்ல அதில் இடமில்லை. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கடற்படைக் கப்பல் எப்போது புறப்படும் என்று பத்திரிகையில் போடச் சொல்பவன் நானல்லன். ஆனால் சட்டத்தை மீறியவர் அரசாக இருக்கும்போது எதை இரகசியம் என்பது?

நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேசிய பாதுகாப்பைக் காட்டித் தகவலை மறுக்கலாம். ஆனால் பொதுநலன் மேலோங்கினால் கொடுத்தே ஆகவேண்டும். சட்டம் அனுமதித்த தகவலைக் கொடுத்த ஊழியரைத் தண்டிக்கவும் முடியாது. நல்ல சட்டம்தான். ஆயினும் தன் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டதே தெரியாதவர் எந்தத் தகவலைக் கேட்டு விண்ணப்பம் எழுதுவார்? (வயது போன காலத்தில் உங்களுக்கேன் இந்த வம்பு என்பான் என் மகன்.)

ஜேர்மனியில் உளவு அமைப்புகள் ஒருவரின் தபாலையோ தொலைபேசியையோ கண்காணித்தால், முடிந்த பின் அதை அவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. கண்காணிப்பின் நோக்கம் கெடும் என்றால் தள்ளிப்போடலாம். இங்கும் அப்படியொரு விதி வேண்டும். எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது இதைத் தனிநபர் பிரேரணையாகச் சபைக்குக் கொண்டுவருவாரா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
உவர்மலை, திருகோணமலை.