ஸ்டென்ட்டுக்கு முன் சி.டி. ஸ்கேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் மஞ்சளானால் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் என்று குடியாத்தம், ஆற்காடு பக்கம் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்; பேர் பத்தியத்துக்குப் போகும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் ஏறிக்கொண்டே போய், உடம்பெல்லாம் அரித்து, மலம் களிமண் போல வெளுத்தால் அது அடைப்புக் காமாலை. பித்தக்குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் குடலில் இறங்குகிறது. அங்கே புற்றுக்கட்டி வந்தால் முதலில் நெரிபடுவது அந்தக் குழாய்தான்.

அடுத்த தவறு பத்தியம் இருக்காதவர்கள் வீட்டிலும் நடக்கிறது. இரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் அளவைப் பார்த்துப் பயந்து முதலில் ஸ்டென்ட் (அடைபட்ட பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்), பிறகு ஸ்கேன். ஸ்டென்ட் வைத்தால் அந்த இடம் வீங்கும். எது கட்டி, எது வீக்கம் என்று படத்தில் பிரித்துப் பார்ப்பது கடினம். கணையத்துக்கென்றே எடுக்கும் சி.டி. முதலில் வேண்டும்: படத்தில் பளிச்சென்று தெரிவதற்கான மருந்தை ஏற்றிச் சுமார் 40-45 வினாடியில் ஒரு முறை, 70 வினாடியில் ஒரு முறை, மெல்லிய வெட்டுகளாக. குடலுக்குப் போகும் பெரிய தமனியைக் கட்டி தொட்டிருக்கிறதா, பக்கத்துச் சிரையை 180 டிகிரிக்கு மேல் வளைத்திருக்கிறதா என்பதில்தான் அறுவை முடிவாகிறது. 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், பிலிருபின் டெசிலிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை இருந்தவர்களில் நேரே அறுவைக்குப் போனோருக்குக் கடும் சிக்கல் 39 சதவீதம். ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தோருக்கு 74. குளிர்காய்ச்சலோடு பித்தக்குழாயில் கிருமி, மிக அதிக மஞ்சள், முதலில் கீமோ என்ற முடிவு, இவற்றுக்கு ஸ்டென்ட் வேண்டும்தான்.

அடினோஸ்குவாமஸ் என்ற முரட்டு வகை, கணையப் புற்றில் 100-க்கு 1 முதல் 4 பேருக்கு வருவது. ஒரே கட்டியில் இரண்டு வகைச் செல்கள். அவற்றில் ஸ்குவாமஸ் என்ற தட்டைச் செல்களின் பங்கு 30 சதவீதமாவது இருந்தால்தான் இந்தப் பெயர். ஊசியில் வருவது ஒரு மூலைத் துணுக்கு. அதனால் ஊசிப் பரிசோதனையில் ஒரு பெயரும், எடுத்த கட்டியைப் பார்த்தபின் வேறு பெயரும் வரலாம். லேப்பைத் திட்ட வேண்டியதில்லை. வேகமாகத் திரும்பி வரும் வகை என்பதால், உடல் தேறியதும் 12 வாரத்துக்குள் கீமோ தொடங்கிவிட வேண்டும்.

இந்தக் கட்டியை எடுக்கும் விப்பிள் அறுவையில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் போய், குடலோடு மூன்று இணைப்புகள் போடுவார்கள். தொல்லை தருவது கணைய இணைப்பு. கணையம் மெத்தென்றும் அதன் குழாய் மெல்லியதாகவும் இருந்தால் தையல் நூலே சதையை அறுத்துவிடும். மூன்றாம் நாள், வயிற்றில் விட்டு வைத்த வடிகுழாயின் நீரில் அமைலேஸ் என்ற கணைய என்சைம், இரத்தத்தின் இயல்பு உச்சத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கசிவு என்று பொருள். கசியும் நீர் பக்கத்துத் தமனியை அரிக்கும். வீடு திரும்பிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில்கூட, வடிகுழாயில் ஒரு கரண்டி இரத்தம் வந்தாலும், வாந்தியிலோ மலத்திலோ கொஞ்சம் தெரிந்தாலும், அது நின்றுவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். பெரிய இரத்தப்போக்கு பல நேரம் இப்படித்தான் முன்சொல்லி வரும்.

பிறகு, குறைந்துபோன கணையச் செரிமான நீருக்கு ஈடாக என்சைம் மாத்திரை. முழுச் சாப்பாட்டுக்கு 40,000-50,000 யூனிட் லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்), முதல் கவளத்தோடு. சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பயன் குறைவு. சூடான காபியோடு விழுங்கினால் சூட்டில் மருந்து கெடும். மலம் எண்ணெய் மிதந்து வந்தால் அளவு போதவில்லை. இது பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் மருந்து. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வருகிற முஸ்லிம்களுக்கு அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரிந்து மாத்திரையை நிறுத்தினால் எடை சரிந்து கீமோவும் நின்றுபோகும்.

இப்படிக்கு,
அறுவைப் பிரிவுச் செவிலியர்கள்,
வேலூர்.