கோட்டு மேசையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை எப்படி என்று போனில் கேட்டாய். நான் வழக்கம்போல "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி, டோக்கன் கொடுப்பேன். அவ்வளவுதான். ஆனால் யாராவது மளமளவென்று எதையாவது கேட்டால், அதை மனசுக்குள் தமிழில் போட்டுப் பார்த்துப் பதில் தேடுவதற்குள் ஆளே போயிருப்பார். ராத்திரி அறைக்குத் திரும்பும்போது காலைவிடத் தலைதான் வலிக்கும்.

போன வியாழக்கிழமை, அரங்கில் நாற்காலி காலியாக இருக்கிறது, நீயும் போய் உட்கார் என்றார் மேலாளர். சோதனைப் படமாம், கூடவே நேரடி ஜாஸாம்.

படத்தில் கதையும் இல்லை, ஆளும் இல்லை. கேமராவே இல்லாமல், கறுப்பு 16 எம்எம் பிலிமை ஊசியால் கீறியே செய்திருக்கிறார் ஒரு பெண். கீறின இடத்தில் வெளிச்சம் பாய்கிறது. வினாடிக்கு 24 கட்டம் என்றால் பத்து நிமிஷத்துக்கு 14,400. எனக்கு அந்த அம்மாவின் விரல்களை நினைத்துத்தான் கவலை வந்தது.

சாக்ஸபோன், டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி ஒன்று), டிரம்ஸ், மூன்றே பேர். முன்னால் நோட்டுத்தாள் இல்லை. படத்தையும் வேண்டுமென்றே முன்கூட்டிப் பார்க்கவில்லையாம். டிரம்ஸ்காரர் முதலில் ஒவ்வொரு கீறலையும் அடி போட்டுத் துரத்தினார். கோமாளிக் கூத்து மாதிரி இருந்தது. அவருக்கே உறைத்திருக்க வேண்டும், குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துத் தோலின்மேல் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். திரையில் ஒற்றைக் கோடு நடுங்கிக்கொண்டு நின்றது. சாக்ஸபோன்காரர் ஊதுவதை நிறுத்தி, விரலால் அதன் விசைகளை மட்டும் தட்டினார். காற்றே இல்லை, வெறும் டக் டக். மழை வலுக்கும் முன் தகரத்தில் விழும் முதல் துளிகள் போல.

பாதியில் பிலிம் அறுந்து திரை வெள்ளையாகிவிட்டது. படமே அப்படித்தானோ என்று யாரும் அசையவில்லை. ஒட்டி மறுபடி ஓடவிடும்வரை, பேஸ்காரர் மட்டும் ஒரே சுரத்தை வில்லால் இழுத்துக்கொண்டே இருந்தார். என்னைக் கேட்டால் அன்றைக்கு அதுதான் உச்சம்.

முடிந்ததும் டிரம்ஸ்காரர் கோட்டு வாங்க வந்தார். நல்லவேளை, நிதானமாகப் பேசுகிற மனுஷன். 1957 டிசம்பரில் பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் என்கிற ஜாஸ் கலைஞர் இப்படித்தான், லூயி மால் எடுத்த படத்தின் காட்சிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே ட்ரம்பெட் வாசித்தாராம். "ஆனால் அது ஒலிப்பதிவு. பிடிக்காவிட்டால் திரும்ப வாசிக்கலாம். எங்களுக்கு அது கிடையாது" என்று சிரித்தார்.

அந்த நாற்பது நிமிஷமும் நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை, அக்கா. வந்து எட்டு மாதத்தில் அதுதான் முதல்முறை.

கடைசியாக ஒரு வயதான அம்மா டோக்கனை நீட்டி, "உனக்கு ஏதாவது புரிந்ததா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கும்தான்" என்றார். நான் வேறு யாருடைய கோட்டையோ எடுத்துக் கொடுக்க, அவரும் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

அன்புடன்,
உன் தம்பி