டிசம்பர் 25-க்கு முன் ஒரு பாடவேளை

நாகை, திருவாரூர் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

கீழ்வெண்மணி நினைவு நாள் பெரும்பாலும் அரையாண்டு விடுமுறையில் வந்துவிடுகிறது. கட்சிக்காரர்கள் நினைவிடத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பேச்சே காதில் விழாமல் வளர்கிறார்கள். விடுமுறைக்கு முன்பே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கித் தாருங்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒளிந்த தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினரை வெளியே விடாமல், நிலவுடைமையாளர்களின் ஆட்கள் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 44 பேர் என்பது சில மாணவர்களுக்குத் தெரியும். எதற்காக என்று கேட்டால் விழிக்கிறார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். அந்தக் கூலிக்காரர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். தங்கள் சங்கத்தின் செங்கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தார்கள். ஒரு படியை மேசைமேல் வைத்துப் பாதிக்கு நெல் போட்டுக் காட்டுங்கள். அவ்வளவு நெல்தான். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தக் கொடிக்கும் ஒரு கதை உண்டு. கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1940-களில் இந்தச் சேரிகளுக்கு வந்து, சவுக்கடிக்கும், தண்டனையாகச் சாணிப்பால் (சாணி கரைத்த தண்ணீர்) குடிக்க வைப்பதற்கும் எதிராக, பண்ணையாட்களை, அதாவது நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு வேலை செய்தவர்களை, சங்கமாகத் திரட்டினார். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த மக்களின் போராட்டம் இருக்கிறது.

கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை விட்டுவிடாதீர்கள். செய்தி அறிந்து கணவர் ஜெகந்நாதனோடு வெண்மணிக்கு வந்தவர், இந்த மக்களுக்காகக் கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்டார். 1981-இல் நிலமில்லாதவர்களுக்கு நிலம் பெற்றுத்தர லாப்டி (LAFTI) என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார். கூலிக்காரியின் பெயர் பத்திரத்தில் ஏறியது. என் மனசுக்கு இதுதான் அந்தத் தீக்குக் கிடைத்த பெரிய பதில்.

சாதிப் பிரச்சினை கிளம்பும் என்று உங்களில் சிலர் தயங்குவது புரிகிறது. இரு தரப்புப் பேரப்பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அரைகுறையாக வேறெங்கோ கேட்டு வருவதைவிட, ஆசிரியர் வாயால் முழுசாகக் கேட்பது அவர்களுக்கு நல்லது. வயல்வேலை செய்த பாட்டிகளையும் அன்று வகுப்புக்கு அழையுங்கள். அந்தக் காலத்தில் அறுப்புக்கு என்ன கூலி அளந்தார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

அன்புடன்,
கீழத்தஞ்சை வாசகர் ஒருவர்