மேகியின் பயிற்சிக் காலமும் பெற்றோரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த இளம் விமானி ஜான் கில்லெஸ்பி மேகியைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவர் பறத்தலைப் பற்றி எழுதிய ‘ஹை ஃப்ளைட்’ (High Flight) கவிதையை விரிவாகப் பாராட்டிய கட்டுரையாளர், அவர் பயிற்சி பெற்ற காலத்தை ஒரே வரியில் கடந்துவிட்டதும் பெற்றோரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டதும் எனக்குப் பெருங்குறையாகப் பட்டன.

மேகி 1922-இல் ஷாங்காயில் பிறந்தவர். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர், இருவருமே சமயப் பணிக்காகச் சீனா சென்றவர்கள். 1937-இல் ஜப்பானியப் படை நான்கிங் நகரில் படுகொலை நிகழ்த்தியபோது அங்கிருந்து வெளியேற மறுத்து, மருத்துவமனையில் கிடந்த காயம்பட்டவர்களை 16 மி.மீ. படக்கருவியில் பதிவு செய்தவர் அந்தத் தந்தை. போர் மனிதர்களை என்ன செய்யும் என்று அவ்வளவு அருகிலிருந்து கண்டவரின் மூத்த மகன்தான், யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு, 1940 அக்டோபரில் கனடா விமானப்படையில் சேர்ந்தார். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. அந்த வீட்டில் நிலவியிருக்கக்கூடிய கலக்கத்தை எண்ணாமல் அவருடைய வாழ்க்கையை எப்படி எழுத முடியும்?

மேகி பயிற்சி பெற்றது, பிரிட்டனும் கனடா உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளும் 1939 டிசம்பரில் கையெழுத்திட்ட காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தில். அதன் கீழ், கனடாவில் 1,31,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியினர் உருவாக்கப்பட்டனர். தரையில் கணிதமும் வானிலையும் திசையறிதலும் கற்ற பின்னரே மாணவர்கள் தொடக்கப் பறத்தல் பள்ளிக்குச் சென்றனர். பயிற்சி ஆசிரியரோடு, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானத்தில் பறந்து பழகிய மாணவர், ஒருநாள் அந்த ஆசிரியர் இறங்கிக்கொள்ள, காலியான இருக்கையோடு தனியே மேலெழ வேண்டும். தேறாதவர்கள் விமானி ஆகும் ஆசையை விட்டு வேறு பணிக்கு மாற வேண்டியிருந்தது. மேகி கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் நகரில் இந்தக் கட்டத்தைத் தாண்டி, ஒட்டாவாவை அடுத்த அப்லாண்ட்ஸில் ‘ஹார்வர்ட்’ வகைப் பயிற்சி விமானத்தில் பயின்றார். தரையிறங்கும்போது சற்றுக் கவனம் பிசகினாலும் பக்கவாட்டில் சுழன்றுவிடும் விமானம் அது. 1941 ஜூனில் விமானிக்குரிய சிறகுச் சின்னம் அவருக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதத்தோடுதான் அந்தக் கவிதையை அனுப்பினார். 30,000 அடி உயரத்தில் தொடங்கித் தரையிறங்கியதும் முடித்ததாக அவரே அதில் குறிப்பிடுகிறார். அச்சேறுவதற்கு முன் அது தாயும் தந்தையும் படிப்பதற்காக ஒரு மகன் அனுப்பிய செய்தி. கட்டுரையாளர் அதை அப்படிப் படிக்கவே இல்லை.

டிசம்பர் 11 அன்று மேகத்திரளினூடே இறங்கிய அவருடைய ஸ்பிட்ஃபயர் போர் விமானம் மோதியது எதிரி விமானத்தின் மீதன்று; கிரான்வெல் பயிற்சித் தளத்தைச் சேர்ந்த ‘ஆக்ஸ்ஃபோர்டு’ வகைப் பயிற்சி விமானத்தின் மீது. அதைத் தனியே ஓட்டிவந்த மாணவ விமானியும் இறந்தார். இருவருக்கும் வயது 19. கட்டுரையில் அந்த மாணவர் ‘மற்றொரு விமானம்’ என்ற இரு சொற்களுக்குள் மறைந்துபோனார். பயிற்சியிலேயே உயிர்விட்ட அவரைப் போன்றவர்களைப் பற்றியும், அவர்களுடைய வீடுகளைப் பற்றியும் தங்கள் இதழ் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி