பீட்ரூட் சாறு குடிக்கும் மகளுக்கு

மதுரை

அன்பு மகளுக்கு,

ஹீமோகுளோபின் 9.2 என்று சொன்ன அதே மூச்சில், "தினமும் காலையில் பீட்ரூட் சாறு குடிக்கிறேன், சரியாகிவிடும் அப்பா" என்றாய். அதைக் கேட்டு உன் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தின் கம்பிக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதற்குப் பதிலாகப் பீட்ரூட் சாப்பிட்டால் போதாதா சார்?" என்று கேட்ட பெண்களுக்குக் கணக்கே இல்லை. அந்த வரிசையில் என் மகளும் வந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை.

பீட்ரூட் சிவப்பு, இரத்தமும் சிவப்பு, ஆகவே குடித்தால் இரத்தம் ஊறும் என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பீட்டாலைன் என்ற சாயம் தரும் நிறம் அது. இரும்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு சுமார் 0.8 மில்லிகிராம். உன் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் பிழிய வேண்டும், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். ஃபோலேட் சத்து மட்டும் அதில் நிறைய உண்டு. இரத்தம் உருவாக அதுவும் வேண்டும், அந்த அளவில் உன் சாறு வீண் இல்லை.

பீட்ரூட்டின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதில் நைட்ரேட் அதிகம். குடித்த நைட்ரேட் உமிழ்நீர் வழியாக மறுபடி வாய்க்கு வருகிறது. நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. குழாய் தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் 2008இல் நோயில்லாதவர்களுக்கு அரை லிட்டர் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மேல் அழுத்தம் 10 புள்ளி வரை இறங்கியது. 2015இல் அவர்களே இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினமும் 250 மில்லி கொடுத்தபோது 8 புள்ளி அளவுக்குக் குறைந்தது. குடிப்பதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இதில் நான் மிகவும் ரசிப்பது அந்த நாக்குப் பாக்டீரியாக்களைத்தான். கிருமி போக வேண்டும் என்று காலையும் மாலையும் மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளிப்பவர்களுக்குச் சாற்றின் பலனும் சேர்ந்தே போய்விடுகிறது.

நான் தினமும் குடிப்பது இதற்காகத்தான். அதுவும் என் பிரஷர் மாத்திரையோடு, மாத்திரைக்குப் பதிலாக அல்ல. அண்ணாநகர் உழவர் சந்தையில் இலையோடு இருக்கும் கட்டாகப் பார்த்து வாங்குகிறேன். கிழங்கைவிட இலையில்தான் இரும்பு அதிகம், அதைத் திருகி மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். தோல் சீவி, இஞ்சித் துண்டு ஒன்று போட்டு அரைத்து, பாதி எலுமிச்சை பிழிந்தால் அந்த மண் வாடை அடங்கிவிடும். சர்க்கரை வேண்டாம், கிழங்கிலேயே போதுமான இனிப்பு இருக்கிறது. சக்கையை உன் அம்மா குப்பைக்கு விடுவதில்லை. உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் ஆக்கிவிடுகிறார். நார்ச்சத்து அத்தனையும் அதில்தானே தங்குகிறது! சாறு குடித்த எனக்கும் துவையல் தின்ற அவருக்கும் யார் கெட்டிக்காரர் என்று தினமும் வழக்கு நடக்கிறது.

உன் கதை வேறு. உனக்கு ஏற்கெனவே பிரஷர் குறைவு. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்கிறாய். அந்த உடம்போடு வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் நிறைய இதைக் குடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாரத்தில் சில நாள், சாப்பாட்டோடு, சிறிய டம்ளர் போதும். சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறாதே. சிலருக்கு அப்படிப் போகும், இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இது சற்று அதிகம் என்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் அதைப் பார்த்து இரத்தம் என்று பயந்து பரிசோதனைக்கூடத்துக்கே ஓடிவிட்டார். உன் சித்தப்பாவுக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்துவிடாதே. அவருக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது, பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம்.

இரும்புக்கு வழி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை. பாலோடும் டீயோடும் விழுங்காதே, எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகும், அது இயல்பு. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் அவர் சொல்லும் வரை நிறுத்தாதே, பாதியில் நிறுத்துவதுதான் நம் பெண்களின் வழக்கம். சாப்பாட்டில், புனேயில் தெருவுக்குத் தெரு கம்பு ரொட்டி கிடைக்கிறதே, அதைப் பிடித்துக்கொள். கறி சாப்பிடுவதை விட்டுவிடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிடு. சிறு வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்தான் நீ, இருந்தாலும் சொல்கிறேன். இரும்பில் அதற்கு ஈடாகப் பீட்ரூட்டை நிறுத்த முடியாது. முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து அம்மா பார்சல் கட்டிவிட்டார்.

இரத்தம் ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதை அம்மாவிடம் மனம்விட்டுப் பேசு, என்னிடம் சொல்லக் கூச்சப்படுவாய். பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுக்களின் சராசரி அளவு அது, அதை நான் பார்க்க வேண்டும். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கு.

அன்புடன்,
அப்பா