கால்களை வெட்டிவிட்டுப் பகிர்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செந்தூலில் இருக்கிறேன். பகலில் கணக்கு வேலை. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்து எடிட் செய்வேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் நடனக் காட்சிகளைத் துண்டு துண்டாக எடுத்து, வேறொரு இசையோடு சேர்த்து மூன்று நான்கு நிமிடக் காணொளி ஆக்குவதுதான் என் எடிட். இதற்காக ஒரு ரிங்கிட்கூட யாரிடமும் வாங்கியதில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

போன தீபாவளிக்கு முன்னால் முழுக்க முழுக்கக் கால்களை மட்டும் வைத்து ஒன்று செய்தேன். மிருதங்கத்தில் சொல் விழும் அதே இடத்தில் சலங்கைக் கால் தரையில் விழ வேண்டும். படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது, ஓரிரண்டு சட்டகம் தள்ளிப் போனால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும். அதனால் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பாதம் தரையைத் தொடும் சட்டகத்தைத் தேடிப் பிடித்து வெட்ட வேண்டும். மூன்று நிமிடம் பத்து நொடிக்கு எனக்கு ஐந்து வாரம் ஆனது. கீழே வலது மூலையில் சின்னதாக என் சேனல் பெயரைப் போட்டேன்.

ஜனவரியில் அண்ணி புலனத்தில் (வாட்ஸ்அப்) ஓர் இணைப்பு அனுப்பினார், "இது நீ செஞ்சது மாதிரி இருக்கே" என்று. ரசிகர் காணொளிகளுக்கென்றே நடக்கும் ஒரு தளம். யாரோ என் காணொளியை இறக்கி அங்கே ஏற்றியிருக்கிறார்கள். மூலையில் இருக்கும் பெயர் தெரியக்கூடாது என்று படத்தைப் பெரிதாக்கிக் கீழ்ப்பகுதியை வெட்டியிருக்கிறார்கள், அதோடு கால்களும் போய்விட்டன. இடுப்பும் கையும் மட்டும் ஆடுகின்றன. என் தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, மியூசிக்குக்கும் படத்துக்கும் சேரவே இல்லையே" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. பெயர் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், என் வேலை இப்படித்தான் இருக்கும் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தளத்துக்கு எழுதினேன். பொதுவில் போட்ட காணொளி, ஏற்றியவர்தான் நீக்க முடியும் என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினால், படக் காட்சியே உங்களுடையது இல்லையே, பிறகு என்ன உரிமை கேட்கிறீர்கள் என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. காட்சி தயாரிப்பாளருடையது, இசை இசை நிறுவனத்துடையது. அவர்கள் எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிடுவேன், இரண்டு முறை எடுத்தும் இருக்கிறேன். ஆனால் எந்தக் காட்சிக்கு அடுத்து எந்தக் காட்சி, எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற வேலை முழுக்க என்னுடையது. நம் மலேசிய நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு படைப்பு இன்னொரு படைப்பின் பதிப்புரிமையை மீறி உருவானது என்ற ஒரே காரணத்துக்காக அதற்குப் பதிப்புரிமை இல்லாமல் போய்விடாது என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. 25-ஆம் பிரிவு, படைத்தவர் பெயரை மறைத்து வெளியிடுவதையும், அவர் மதிப்புக் கெடும்படி படைப்பைச் சிதைப்பதையும் பற்றிப் பேசுகிறது. நான் வழக்கறிஞர் இல்லை, நீதிமன்றம் என்ன சொல்லும் என்று அடித்துப் பேச மாட்டேன். ஆனால் "உனக்கு ஒன்றுமே இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கிற விஷயமில்லை இது.

யூடியூப் 2007-இலேயே, ஒருவருடைய பாட்டோ படமோ வேறொருவர் காணொளியில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி கொண்டுவந்தது. தன் பாட்டு எங்கே வந்தாலும் அதைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கவனித்துக்கொண்டும் இருக்கலாம் என்று இசை நிறுவனத்துக்கு வசதி இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது கிடைக்காது. டிக்டாக்கில் பதிவிறக்கத்தை மூடி வைக்கலாம், நம் காணொளியோடு தன் காணொளியைப் பக்கத்தில் சேர்த்துப் போடும் டூயட்டை மூடி வைக்கலாம், சரி. ஆனால் திரையைப் பதிவு செய்து எடுத்துப் போகிறவரை எந்தப் பொத்தானும் தடுக்காது. ஆகவே எடுத்துப் போய்ச் சேர்க்கும் இடத்தில்தான் ஒழுங்கு வேண்டும்.

பெயரை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் இருக்கும் என் தோழி ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தின் நடனத்தைப் பழைய படக் காட்சியோடு கலந்து ஒன்று செய்தாள், எல்லாரும் ரசித்தார்கள். பிறகு அந்தக் கல்யாணம் முறிந்தது. பெண் வீட்டார் கேட்டதும் தோழி உடனே நீக்கினாள். அதற்குள் வேறு தளங்களில் பிரதிகள் ஏறிவிட்டன. ஒவ்வொரு இடமாகப் போய்க் கெஞ்சுகிறாள், ஏற்றியவர் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். செய்தவள் வேண்டாம் என்கிறாள், எடுத்தவன் வேண்டும் என்கிறான், தளம் எடுத்தவன் பக்கம் நிற்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

ரசிகர்கள் கதை எழுதும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தைப் பாருங்கள், ரசிகர்களே 2009-இல் திறந்து நடத்துவது. அங்கே எழுதியவர் தன் கதையை அழித்துவிடலாம். அல்லது கதை இருக்கட்டும், என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று விட்டுவிடலாம். முடிவு எழுதியவர் கையில். காணொளித் தளங்களால் இதைச் செய்ய முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 43எச் பிரிவுப்படி, முறையான அறிவிப்புக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சேவை வழங்குநர் உரிமையை மீறிய பிரதியை நீக்க வேண்டும். ஆனால் நான் சொல்லும் தளம் வெளிநாட்டில் இருக்கிறது, அதனால் மின்னஞ்சல் எழுதுவதைத் தவிர இப்போதைக்கு எனக்கு வேறு வழியில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு எடிட் பிடித்திருந்தால் இறக்கி ஏற்றாதீர்கள், செய்தவரின் இணைப்பை அனுப்புங்கள். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள், நான் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது மின்னஞ்சலைப் போன திங்கட்கிழமை அனுப்பியிருக்கிறேன், கால்கள் தெரியும் மூலக் காணொளியையும் சேர்த்து. பதில் வந்தால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்